கடைசி வருஷத்தில் அதிபருக்கு அதிகாரம் குறைகிறதா, குறைந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்களா?

கீழவாசல்

அமெரிக்க அதிபரின் இரண்டாவது பதவிக்காலம் பாதி தாண்டினாலே போதும், டிவியில் உட்கார்ந்திருப்பவர்கள் "இனி இவர் லேம் டக் (கிளம்பப்போகிற, செல்வாக்கில்லாத ஆள்), பேச்சு எடுபடாது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இதை ஏதோ இயற்கை விதி மாதிரி சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. நாள் குறையக் குறைய அதிகாரமும் குறையும் என்றால் 2008 செப்டம்பர் கடைசி வாரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வீட்டுக்குக் கிளம்ப நான்கு மாதம்கூட இல்லை. செல்வாக்கு பாதாளத்தில். செப்டம்பர் 27 அன்று இந்தியாவுடனான அணுசக்தி ஒப்பந்தம் பிரதிநிதிகள் சபையில் 298-117 என்று நிறைவேறியது. இரண்டே நாள் கழித்து அதே சபையில் அதே புஷ் கேட்ட 70,000 கோடி டாலர் வங்கி மீட்பு மசோதா 205-228 என்று தோற்றது. வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பங்குச் சந்தை சரிய ஆரம்பித்து அன்றைக்கு டௌ ஜோன்ஸ் 777 புள்ளி விழுந்தது. அப்புறம் பதறிப்போய் அக்டோபர் 3 அன்று அதே சபை மசோதாவை நிறைவேற்றியது வேறு கதை.

கவனிக்க வேண்டியது, முதல் தடவை எதிர்த்து ஓட்டுப் போட்ட 228 பேரில் 133 பேர் புஷ்ஷின் சொந்தக் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் 140 பேர் ஆதரித்தார்கள்! நவம்பரில் தேர்தல், வங்கிக்காரனுக்குப் பணம் கொடுத்தாய் என்று தொகுதியில் கேட்பார்களே என்ற பயம். அணு ஒப்பந்தத்துக்கு எந்தத் தொகுதியிலும் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆக, கேட்கிற பொருளைப் பொறுத்துத்தான் எல்லாம். மிச்சமிருக்கும் மாதத்தை எண்ணிப் பயனில்லை என்பது என் கட்சி. உங்கள் கருத்து?

வேளச்சேரி வெள்ளம்

அண்ணே, அந்த ஒப்பந்தத்தைப் புஷ்ஷின் பலத்துக்கு உதாரணமாகச் சொல்வது சரியில்லை. அது 2005 ஜூலையில் மன்மோகன் சிங் வாஷிங்டன் போனபோதே அறிவித்தது. இரண்டு கட்சிக்கும் பிடித்த விஷயம். உண்மையான தலைவலி எல்லாம் டெல்லியில்தான் நடந்தது: இடதுசாரிகள் ஆதரவை விலக்கி, 2008 ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் மன்மோகன் 275-256 என்று தப்பித்தார். அமெரிக்கா பக்கம் ஓடுகிற ரயிலில் புஷ் கொடி காட்டினார், அவ்வளவுதான்.

அவருக்குப் பிடித்தமான குடியேற்றச் சட்டத் திருத்தம் 2007 ஜூனில் செனட்டில் என்ன ஆனது என்று பாருங்கள். சொந்தக் கட்சியே கவிழ்த்தது. அதிபருக்குப் பதவிக்கு வந்த முதல் வருஷம் இருக்கிற மாதிரி ஆள் இழுக்கும் சக்தி இருந்திருந்தால் அது நடக்குமா?

மாஜி கண்காணிப்பாளர்

நான் சொல்வது அனுபவம். ஆபீஸில் ஒரு அதிகாரி ஜூன் 30 ரிட்டயர் ஆகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்தே அவர் மேஜைக்குச் சிக்கலான ஃபைல் எதுவும் போகாது. யாரும் உத்தரவு போட்டு நிறுத்துவதில்லை, தானாக நின்றுவிடும். "அடுத்த ஐயா வரட்டும் சார், பார்த்துக்கலாம்" என்பார்கள். அவர் கையெழுத்துக்கு ஜூன் 30 சாயங்காலம் 5.45 வரைக்கும் சட்டப்படி முழு மதிப்பு உண்டு. ஆனால் ஃபைல் வந்தால்தானே கையெழுத்து? வெள்ளை மாளிகையும் ஒரு ஆபீஸ்தான்.

எடிசன் மாமி

கண்காணிப்பாளர் சார், உங்க ஃபைல் கதையை அப்படியே ஒத்துக்கறேன், ஆனால் அதுக்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கு. முன்னெல்லாம் அமெரிக்காவில் இத்தனை தடவைதான் நிற்கலாம் என்று சட்டமே கிடையாது, வாஷிங்டன் போட்டுக் கொடுத்த வழக்கம் மட்டும்தான். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாலு தடவை ஜெயித்தார். அதைப் பார்த்து மிரண்டுதான் இரண்டு தடவைக்கு மேல் ஜெயிக்கக் கூடாது என்ற 22ஆவது திருத்தம், 1951இல் அமலுக்கு வந்தது. அதுவரைக்கும் "இந்த மனுஷன் மறுபடி நிற்பானோ" என்ற சந்தேகமே ஒரு ஆயுதம். சந்தேகம் போனால் ஆயுதமும் போச்சு.

இன்னொரு ரூஸ்வெல்ட், தியடோர், இதைத் தானே வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டவர். 1904இல் ஜெயித்த அன்னிக்கு ராத்திரியே இனிமேல் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சட்டம் எதுவும் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடைசிக் குளிர்காலத்தில், 1909 ஜனவரியில், அவர் அனுப்பிய செய்தியில் ஒரு பகுதி எங்களை அவமதிக்கிறது என்று பிரதிநிதிகள் சபை அதை ஏற்க மறுத்து ஒதுக்கியே வைத்துவிட்டது. அவர் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த சபை அது! கீழவாசல் தம்பி, உங்க "பொருளைப் பொறுத்தது" வாதம் இங்க எங்கே நிற்குது?

கீழவாசல்

மாமி, நல்ல உதாரணம். ஆனால் அதிபர் லிண்டன் ஜான்சனையும் பாருங்கள். 1968 மார்ச் 31 இரவு, வியட்நாம் பற்றிய உரையின் கடைசியில், மறுபடி போட்டியிட மாட்டேன் என்று நாட்டையே திடுக்கிட வைத்தார். உங்கள் கணக்குப்படி ஏப்ரல் 1 காலையிலிருந்து அவர் செல்லாக்காசு. ஆனால் ஏப்ரல் 11 அன்று வீடு வாடகைக்குக் கொடுப்பதில், விற்பதில் நிறம் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்.

வேளச்சேரி வெள்ளம்

> ஏப்ரல் 11 அன்று வீடு வாடகைக்குக் கொடுப்பதில்...

நடுவில் ஏப்ரல் 4 என்று ஒரு தேதி இருக்கிறதே! மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார், நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிந்தன, சபை அவசரமாக நிறைவேற்றியது. செனட் அதற்கு முன்னாடி மார்ச்சிலேயே ஒப்புக்கொண்டாயிற்று. ஜான்சன் தானாக, தன் பலத்தில் கேட்டது எது? நண்பர் ஏப் ஃபோர்டாஸைத் தலைமை நீதிபதி ஆக்கு என்று கேட்டார். ஜூனில் பெயரை அனுப்பினார், செனட்டில் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள், அக்டோபரில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சிவில் உரிமைச் சட்டத்தையே 1964இல் செனட்டிலிருந்து பிடுங்கி எடுத்த ஆள், ஒரு நியமனத்துக்கு அல்லாடினார். செனட்டில் அப்போதும் அவர் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. இதுதான் லேம் டக்.

தட்டச்சு

நம்ம குடியரசுத் தலைவருக்கு முதல் வருஷமே இப்படித்தானே?

மட்டுறுத்துநர்

இந்தியக் குடியரசுத் தலைவர் பதவி வேறு வகை, அமைச்சரவை ஆலோசனைப்படி நடப்பது. அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஆட்சி நடத்துகிற அதிபர்கள் மட்டும்.

பருத்தித்துறை வடை

ஆட்சி நடத்துகிற அதிபர்தானே வேணும்? எங்கட இலங்கை ஜனாதிபதியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதால நான் எழுதுறன்.

2005ஐ எடுங்கோ. சந்திரிகா இரண்டாவது தவணையின் கடைசியில் நிக்கிறா. சுனாமி வந்து ஆறு மாதம், வடக்கு கிழக்கில சனம் கூடாரத்துக்குள்ள. நிவாரணத்தைப் பகிர அரசும் புலிகளும் சேர்ந்து ஒரு பொதுக்கட்டமைப்பு என்று பேச்சு மாதக்கணக்கா இழுபட்டது. அரசாங்கத்தில பங்காளியா இருந்த ஜேவிபி கட்சி இதைக் கைச்சாத்திட்டால் போவோம் என்றது, ஜூன் நடுப்பகுதியில 39 எம்.பி.மாரோட அரசாங்கத்தை விட்டு வெளியேறியும் விட்டது. மனுசி பின்வாங்கேல்லை, ஜூன் 24 ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதுவரைக்கும் பாத்தா, இழக்க ஒண்டும் இல்லாத கடைசித் தவணைக்காரிதான் அந்தத் துணிவு காட்ட முடிஞ்சது எண்டு சொல்லலாம்.

பிறகு நடந்ததைப் பாருங்கோ. ஜேவிபி வழக்குப் போட்டது, ஜூலை 15 உயர் நீதிமன்றம் (இந்தியாவில உச்ச நீதிமன்றம் மாதிரி) முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை குடுத்தது, கிளிநொச்சியில வைக்க இருந்த பிராந்தியக் குழு, நிதியம் எல்லாம் அதில அடக்கம். ஓகஸ்டில அதே நீதிமன்றம் அவவின்ர பதவிக்காலம் 2006 வரை இல்லை, இந்த டிசம்பரோட சரி என்று தீர்த்தது. அவ இன்னும் ஒரு வருசம் இருக்கு என்று வாதாடினவ. செப்டம்பரில அவவின்ர பிரதமரும் அவவின்ர கட்சி வேட்பாளருமான மஹிந்த, அதே ஜேவிபியோட உடன்பாடு எழுதுறார். அதில பொதுக்கட்டமைப்பைக் கைவிடுறதும் ஒரு நிபந்தனை. ஜனாதிபதி இன்னும் கதிரையில இருக்கிறா, அவ போட்ட கையெழுத்தை அவவின்ர கட்சியே தேர்தல் மேடையில வித்துப்போட்டுது.

கூடாரத்தில இருந்த சனத்துக்கு அந்தக் கட்டமைப்பால ஒரு சதம் வந்து சேரேல்லை. லேம் டக் எண்டால் எனக்கு வாஷிங்டன் ஞாபகம் வாறேல்லை.

கீழவாசல்

வடை, இதை எழுதியதற்கு நன்றி. இந்த இழையிலேயே கனமான உதாரணம் இதுதான். இதைப் படித்ததும் என் வாதத்தை இன்னும் கூராகச் சொல்ல முடிகிறது. சந்திரிகாவிடம் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தது, அது கடைசி வரை குறையவில்லை. அந்தக் கையெழுத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டிய ஆட்கள்தான் இல்லை: நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை இல்லை, நீதிமன்றம் தடுக்கிறது, சொந்தக் கட்சி அடுத்த தலைவர் பின்னால் போய்விட்டது. இதில் முதல் இரண்டும் முதல் வருஷத்து அதிபருக்கும் வரலாம். மூன்றாவது மட்டும்தான் கடைசி வருஷத்துக்கே உரிய நோய். சரி, அந்த மட்டுக்கும் வெள்ளத்தோடு ஒத்துப்போகிறேன்.

எடிசன் மாமி

நீதிபதிகள் விஷயத்துக்கு வரேன், ஏன்னா அங்கதான் இது பச்சையா தெரியும். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்துபோனார். ஒபாமாவுக்கு இன்னும் 11 மாசம் இருக்கு. மார்ச் 16 மெரிக் கார்லண்டை நியமிக்கறார். செனட்டில் பெரும்பான்மையா இருந்த எதிர்க்கட்சியின் தலைவர் மிட்ச் மக்கானல் தேர்தல் வருஷத்தில் கூடாது, மக்கள் முடிவு பண்ணட்டும் என்றார். விசாரணைகூட வைக்கவில்லை. 2020இல் இன்னொரு நீதிபதி ஜின்ஸ்பர்க் இறந்தது செப்டம்பர் 18, தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லை. அதே மக்கானல், தன் கட்சி அதிபர் ட்ரம்ப் அனுப்பிய ஏமி பாரெட்டை அக்டோபர் 26க்குள் 52-48 என்று உட்கார வைத்தாயிற்று. ஆக மிச்சம் இருக்கிற மாசம் ஒரு சாக்கு. செனட் யார் கையில் என்பதுதான் விஷயம் என்று நீங்க சொல்வீங்க.

ஆனால் 1988ஐ விடாதீங்க. ரேகனின் கடைசி வருஷம். செனட் எதிர்க்கட்சி கையில். முதலில் அனுப்பிய போர்க்கை 58-42 என்று தோற்கடிச்சாச்சு. அப்புறம் ஆந்தனி கென்னடியை அனுப்பறார், 1988 பிப்ரவரி 3, 97-0. ஒருத்தர்கூட எதிர்ப்பு இல்லை! கையில் செனட் இல்லாத கடைசி வருஷத்து அதிபர்தான். இதுக்கு என்ன பதில்?

கீழவாசல்

பதில் நீங்களே சொல்லிவிட்டீர்கள் மாமி, போர்க் தோற்றதால்தான் கென்னடி. ரேகன் தனக்கு வேண்டிய ஆளை விட்டு அவர்கள் பொறுத்துக்கொள்ளும் ஆளுக்கு இறங்கி வந்தார். கென்னடி பின்னாளில் ரேகன் கட்சிக்காரர்களுக்கு எத்தனை தடவை கசப்பு மருந்து கொடுத்தார் என்று உங்களுக்கே தெரியும். இறங்கி வந்தால் கிடைக்கும் என்ற நிலை 1988இல் இருந்தது. கார்லண்டும் மிதவாதிதான், ஒபாமாவும் இறங்கித்தான் வந்தார், 2016இல் அதற்கு மதிப்பில்லை. மாறியது வாஷிங்டன். கடைசி வருஷம் அன்றைக்கும் கடைசி வருஷம்தான்.

தட்டச்சு

மெக்சிகோவைச் சொன்னால் மட்டுறுத்துநர் வெட்ட மாட்டாரே? அங்கே அதிபருக்கு ஒரே ஒரு தடவை, ஆறு வருஷம். மறுபடி நிற்கவே முடியாது. மாமி சொன்ன கணக்குப்படி முதல் நாளிலிருந்தே லேம் டக் ஆகியிருக்க வேண்டும். ஆனால் லோபெஸ் ஒப்ரதோர் தன் பதவிக்காலத்திலேயே பெரிய அரசியலமைப்புத் திருத்தத்தைக் கடைசி மாதத்தில்தான் செய்தார்: நீதிபதிகளை மக்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கும் திருத்தம். 2024 ஜூன் தேர்தலில் அவர் கட்சி அள்ளியது. புதிய காங்கிரஸ் செப்டம்பர் 1 கூடுகிறது, புதிய அதிபர் ஷேன்பாம் வருவது அக்டோபர் 1. நடுவில் அந்த ஒரு மாதம் பழைய அதிபருக்குப் புது சபையின் மூன்றில் இரண்டு பலம்! போராட்டக்காரர்கள் செனட் கட்டடத்துக்குள் புகுந்ததும், செனட்டர்கள் பழைய செனட் கட்டடத்துக்குப் போய் உட்கார்ந்து 86-41 என்று நிறைவேற்றிவிட்டுத்தான் எழுந்தார்கள். செப்டம்பர் 15 அரசிதழில் வெளியாகி மறுநாள் அமல்.

வேளச்சேரி வெள்ளம்

தட்டச்சு திடீரென்று ஃபார்முக்கு வந்துவிட்டார். ஆனால் அங்கே வாரிசை அவரே தேர்ந்தெடுத்தமாதிரிதான், கட்சியும் பிளவுபடவில்லை. கீழவாசல் சொன்ன மூன்றாவது நோய் அவரைத் தொடவில்லை.

உள்நாட்டை விடுங்கள், வெளிநாட்டுக்காரன் நிச்சயம் காலண்டர் பார்க்கிறான். கிளிண்டன் 2000 ஜூலையில் இஸ்ரேல் பிரதமர் பராக்கையும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தையும் கேம்ப் டேவிட்டில் இரண்டு வாரம் உட்கார வைத்தார், நடக்கவில்லை. டிசம்பர் 23 அன்று சமாதானத்துக்குத் தன் யோசனைகளை வைத்தார், ஒரு மாதத்தில் கிளம்பப் போகிற ஆள்! வட கொரியாவுக்குப் போகப் பார்த்தார், வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட் மட்டும் போய் வந்தார். கார்ட்டர் இன்னும் மோசம். தேர்தலில் தோற்ற பிறகும், டெஹ்ரானில் பிடிபட்டிருந்த அமெரிக்கப் பிணைக்கைதிகளுக்காக அல்ஜீரியா வழியாகப் பேசி, கடைசி இரண்டு இரவு தூங்காமல் ஓவல் ஆபீஸிலேயே கிடந்தார். ஒப்பந்தம் 1981 ஜனவரி 19 கையெழுத்தாயிற்று. மறுநாள் ரேகன் பதவியேற்ற சில நிமிஷங்களுக்குப் பிறகுதான் ஈரான் 52 பேர் ஏறிய விமானத்தைக் கிளப்பவிட்டது. 444 நாள் காத்திருந்தவர்கள் அந்தச் சில நிமிஷத்தையும் கார்ட்டருக்குக் கொடுக்கவில்லை.

கீழவாசல்

அது அதிகாரம் போனதற்கு உதாரணமா? வேலை முடிந்தது, ஆட்கள் வந்தார்கள். போனது பெயர் மட்டும். அதே கார்ட்டர், தோற்ற பிறகு, 1980 டிசம்பரில் அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கு மேல் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதையும் செய்ய வைத்தது தோல்விதான், புது காங்கிரஸ் வந்தால் இதுகூடக் கிடைக்காது என்று ஆதரவாளர்களே இறங்கி வந்தார்கள்.

வெளிநாட்டுக்கு ரேகனும் உண்டே. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா ஊழலில் நாறி, செனட்டையும் இழந்து நின்ற ஆள் 1987 டிசம்பரில் சோவியத் தலைவர் கோர்பசேவுடன் நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் போடுகிறார், 1988 மே மாதம் செனட் 93-5 என்று ஏற்கிறது. காரணம் கோர்பசேவுக்கும் அவசரம் இருந்தது. எதிரில் இருப்பவனுக்கும் அவசரம் இருந்தால் கடைசி வருஷமும் ஓடும், அராஃபத்துக்கு அந்த அவசரம் இல்லை.

மாஜி கண்காணிப்பாளர்

கையெழுத்திலும் தரம் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. ஒபாமா கியூபாவுடன் உறவைச் சீர்செய்தது நிர்வாக உத்தரவால், அடுத்தவர் 2017லேயே அதில் பாதியைத் திருப்பினார். கடைசி மாதங்களில் அவசர அவசரமாகப் போடும் விதிமுறைகளைப் புது காங்கிரஸ் சாதாரணப் பெரும்பான்மையில் ரத்து செய்ய 1996லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் தண்டனைக் குறைப்பு? 2024 டிசம்பர் 23 அன்று பைடன், மத்திய அரசின் மரண தண்டனைப் பட்டியலில் இருந்த 40 பேரில் 37 பேரின் தண்டனையை ஆயுளாக மாற்றினார். அடுத்தவர் எவ்வளவு கோபப்பட்டாலும் அதைத் திருப்ப முடியாது. கிளிண்டன் கடைசி நாளில், வரி ஏய்ப்பு வழக்கில் தப்பியோடிய வியாபாரி மார்க் ரிச்சுக்குக் கொடுத்த மன்னிப்பும் அப்படித்தான், ஊரே காறித் துப்பியது, ஆனால் நின்றது. எங்கள் ஆபீஸில் கடைசி நாளில் ஐயா போட்டுவிட்டுப் போகும் இடமாற்ற உத்தரவு மாதிரி என்று சொல்ல வந்தேன், வேண்டாம், அதைத் திங்கட்கிழமையே ரத்து செய்துவிடுவார்கள்.

பருத்தித்துறை வடை

அப்ப ட்ரம்ப்? 22ஆவது திருத்தம் இருக்கு, மூன்றாம் முறை தெரிவாக ஏலாது. ஆனால் 2025இல் அவரின்ர கடையிலேயே "ட்ரம்ப் 2028" எண்டு தொப்பி வித்தவை.

எடிசன் மாமி

அதுதான் நான் முதலில் சொன்ன ஆயுதம்! சட்டப்படி கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் சந்தேகத்தை உயிரோட வச்சிருக்கணும். தியடோர் ரூஸ்வெல்ட் வாயைத் திறந்து கெடுத்ததை இவர் வாயைத் திறந்தே காப்பாத்தறார். அடுத்த வேட்பாளர் வான்ஸா, ரூபியோவான்னு கட்சிக்குள்ள வரிசை கட்ட ஆரம்பிச்சா ஆட்டம் முடிஞ்சது.

கீழவாசல்

மாமி சொல்வது சரி. நான் பார்க்கப் போவது இன்னொன்று, வீட்டோவை (மசோதாவை அதிபர் மறுப்பதை) சொந்தக் கட்சிக்காரர்கள் எத்தனை பேர் சேர்ந்து முறியடிக்கிறார்கள் என்பது. ஒபாமாவின் எட்டு வருஷத்தில் ஒரே ஒரு வீட்டோதான் முறியடிக்கப்பட்டது, அதுவும் கடைசி வருஷம், 2016 செப்டம்பர். இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பம் சவூதி அரசு மேல் வழக்குப் போட அனுமதிக்கும் சட்டம். இப்படிச் செய்தால் நாளைக்கு வேறு நாட்டில் நம் சிப்பாய் மேல் வழக்குப் போடுவான் என்று ஒபாமா எச்சரித்தார். செனட்டில் 97-1. செனட்டில் அவர் கட்சியின் தலைவர் ஹேரி ரீட் ஒருவர்தான் அவர் பக்கம் நின்றார்.

வேளச்சேரி வெள்ளம்

மறுநாள் நடந்ததையும் சொல்லுங்கள் அண்ணே. சட்டத்தில் எதிர்பாராத விளைவுகள் இருக்கலாம், திருத்த வேண்டியிருக்கும் என்றார் மக்கானல். இதை ஒபாமா முன்கூட்டியே சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்று குற்றமும் சாட்டினார். வெள்ளை மாளிகை அதைத்தான் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது.

எடிசன் மாமி

சொன்னது காதில் விழவே இல்லை, பாருங்கோ.